சொந்த விருப்பத்தின் பேரில்

"அக்கா, எங்கட பாஸ்போட்டைப் பறிச்சு வைச்சிருக்கினம். கேட்டாத் தாறேல்லை. இதை அவருக்கு அப்பிடியே சொல்லுங்கோ" என்றான் ஸ்ரனிஸ்லாஸ்.

தங்கமலர் தலையாட்டினாள். ஹென்றிக்கின் பக்கம் திரும்பி டேனிஷில் சொன்னாள்: "கடவுச்சீட்டுகள் அலுவலகத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன. தங்கள் கையில் இருந்தால் நல்லது என்று நினைக்கிறார்கள்."

ஹென்றிக் எழுதிக்கொண்டார். அவர் தொழிற்சங்கத்து ஆள். ரண்டர்ஸ் நகரில் இருந்து இருபது நிமிடத் தூரத்தில் இருந்த அந்த ஸ்ட்ரோபெரித் தோட்டத்துக்கு, வெளிநாட்டு ஆட்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்க்க வந்திருந்தார். பழம் தரம்பிரிக்கும் கொட்டகைக்குள் வெற்றுப் பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு, அதில் இருந்துதான் எல்லோரும் கதைத்தார்கள்.

"ஒரு கரவன் வண்டிக்குள்ளை ஒன்பது பேர் படுக்கிறம்" என்றாள் ஸ்ரனிஸ்லாஸின் மனைவி கத்தரீனா. "ஆம்பிளையள் ஒரு பக்கம், நாங்கள் ரெண்டு பொம்பிளையள் ஒரு பக்கம். நடுவில ஒரு பெட்சீற். அவ்வளவுதான்."

"தங்குமிடம் கொஞ்சம் நெருக்கம்."

"காய்ச்சல் எண்டு ஒரு நாள் படுத்தால், அடுத்த நாள் வேலை இல்லை எண்டு வெருட்டினம்."

"உடம்பு முடியாத நாட்களில் ஓய்வெடுக்கிறார்கள்."

"ஆக, பெரிய முறைப்பாடு என்று ஒன்றும் இல்லையா?" என்று ஹென்றிக் கேட்டார்.

"இல்லை" என்றாள் தங்கமலர். ஹென்றிக் நீட்டிய தாளில், மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்தும் வைத்தாள்.

அவள் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. முப்பது வருடமாக அவள் இப்படித்தான் மொழிபெயர்த்து வருகிறாள். கொமூன என்கிற நகரசபை அலுவலகத்தில் ஒருத்தி "மனிசன் அடிக்கிறான்" என்று அழுவாள். தங்கமலர் "வீட்டில் சில பிரச்சினைகள்" என்பாள். டொக்டரிடம் ஒரு கிழவர் "நீ ஒரு மாட்டு வைத்தியன்" என்று ஏசுவார். தங்கமலர் "மருந்து இன்னும் வேலை செய்யவில்லை" என்பாள். வெள்ளைக்காரனுக்கு முன்னால் எங்கள் ஆட்களை எப்படி அந்தக் கோலத்தில் நிறுத்துவது? சொல்லுகிற சொல்லைக் கொஞ்சம் கழுவித் துடைத்துக் கொடுப்பதுதான் மரியாதை. ஊரிலும் அப்படி, இங்கேயும் அப்படி. அவளை எல்லோரும் நல்ல மொழிபெயர்ப்பாளர் என்றார்கள்.

அன்றைக்கு அதற்கு மேலே இன்னொன்றும் இருந்தது. ருமேனியாக் கம்பனி ஒன்றின் பேரில் இந்த ஒன்பது தமிழரையும் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவன் கிருஷாந்த். கடவுச்சீட்டுகள் இருந்ததும் அவனிடம்தான். கிருஷாந்த் தங்கமலரின் கூடப்பிறந்த தம்பி. அது ஹென்றிக்குக்குத் தெரியாது. அங்கே வேலை செய்தவர்களுக்கும் தெரியாது. ஒருவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"என்னக்கா சொன்னார்?" என்று ஸ்ரனிஸ்லாஸ் ஆவலோடு கேட்டான்.

"எழுதிக்கொண்டு போறார் தம்பி. பாப்பினம்."

"பாத்தாச் சரி" என்றான் அவன்.

மன்னார்க் கரையில் அவனுக்குச் சொந்தமாகப் படகு இருந்தது. நாட்டில் காசு முடிந்துபோன அந்த வருடம் மண்ணெண்ணெய் இல்லாமல் படகு மணலில் கிடந்து வெடிப்பு விட்டது. முதலில் எஞ்சினை விற்றார்கள், பிறகு பலகையை. பிள்ளைகள் இரண்டையும் கத்தரீனாவின் தாயிடம் விட்டுவிட்டு ருமேனியாவில் கட்டட வேலைக்கு வந்தார்கள். அந்தக் கட்டடமும் பாதியில் நின்றது. அதற்குப் பிறகுதான் கிருஷாந்த், அதற்குப் பிறகுதான் ஸ்ட்ரோபெரி. இதையெல்லாம் கத்தரீனா சிரித்துக்கொண்டே சொன்னாள். "கடல்ல நிண்டவர் இப்ப முழங்காலில நிக்கிறார் அக்கா. பழத்தில விரல் படக்கூடாதாம். காம்பை நகத்தால நுள்ள வேணுமாம். மீனை இப்பிடிப் பிடிச்சிருந்தா நாங்கள் பட்டினிதான்."

ஒன்பது நாள் கழித்து, புதன்கிழமை மதியம், தங்கமலர் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் சாப்பாட்டு இடைவேளை. கத்தரீனாவிடம் இருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, ஒரு பேப்பர் தந்திருக்கினம். போட்டோ அனுப்பினனான். பாத்தனீங்களோ?"

"பொறும், பாக்கிறன்."

ஒரு பக்கம்தான். டேனிஷில் மேலே, ஆங்கிலத்தில் கீழே. கையெழுத்திடுபவர் தமது சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு விலகுகிறார். அவருடைய வேண்டுகோளின்படியே பயணம் ஒழுங்கு செய்யப்பட்டது. இனி எவரிடமும் எந்தக் கோரிக்கையும் இல்லை.

"நீங்கள் போறமெண்டு கேட்டனீங்களோ?"

"விசரே அக்கா? சீசன் இப்பதான் தொடங்கியிருக்கு. நாளைக்குப் பத்து மணிக்கு எயாப்போட்டுக்கு ஏத்த வான் வருதாம். நானும் அவரும் மட்டும். மற்ற ஏழு பேரும் நிக்கினம்."

"கையெழுத்து வைக்காதேங்கோ."

"வைச்சாத்தான் பாஸ்போட்டாம். என்னக்கா செய்யிறது? அந்தச் சங்கத்து மனிசனும் வரேல்லை. அவருக்கு எல்லாம் சொன்னனாங்கள்தானே?"

தங்கமலரின் கையில் இருந்த பாண் துண்டு அப்படியே இருந்தது. "நான் கதைச்சுப்போட்டு எடுக்கிறன்" என்று வைத்தாள். அடுத்த நிமிடமே தம்பிக்கு எடுத்தாள்.

"என்னடா இது?"

"எது?"

"ஸ்ரனிஸ்லாஸ் வீட்டாக்களின்ர பேப்பர்."

"ஓ, அதுவோ. அக்கா, நான் வாகனத்தில நிக்கிறன், பிறகு…"

"நிப்பாட்டிப்போட்டுக் கதை."

கிருஷாந்த் பெருமூச்சு விட்டது கேட்டது. "இஞ்ச பாருங்கோ. கடைக்காரர் விலையைக் குறை எண்டுறாங்கள். முதலாளி ஆக்களைக் குறை எண்டுறான். நடுவில நான். ரெண்டு பேர் போகத்தான் வேணும்."

"ஏன் அந்த ரெண்டு பேர்?"

"அந்தச் சங்கத்து மனிசனோட அவைதானே வாய் திறந்தது."

"பாஸ்போட்டை ஏனடா வைச்சிருக்கிறாய்?"

"அவை துலைச்சுப்போடுவினம் எண்டுதான். எல்லாரும் அப்பிடித்தான் வைச்சிருக்கினம். நீங்கள் ஒண்டும் புதுசாக் கண்டுபிடிக்கேல்லை."

"அவை போகமாட்டம் எண்டினம்."

"அக்கா." அவன் குரல் இறங்கியது. "நீங்கள்தானே அந்த மனிசனுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை எண்டு சொன்னியள். பேப்பரில கிடக்கு, உங்கட கையெழுத்தோட. அதை வைச்சுத்தான் முதலாளி சொல்லுறான், இவை ஆக்களுக்கு ஆக்கள் பொய் சொல்லித் திரியினம் எண்டு. அண்டைக்கு எனக்குச் செய்தது பெரிய உதவி. இப்ப ஏன் நிண்டு கிண்டுறியள்?"

தங்கமலர் கையில் இருந்த பாணை மேசையில் வைத்தாள்.

"ஆவணியில உங்கட பிள்ளை நிலக்சின்ர கலியாணம்" என்றான் அவன். "தாய்மாமன் நான்தான் நிக்க வேணும். எனக்கு எத்தினை அலுவல் கிடக்கு. வையுங்கோ."

மிச்ச நாள் முழுக்கத் தங்கமலரால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஒரு கிழவிக்குக் காலுறை மாற்றப் போய், கையுறையோடு திரும்பி வந்தாள். "உனக்குத்தான் இன்றைக்கு மறதி" என்று கிழவி சிரித்தாள்.

ஐந்து மணிக்கு நூலகத்தில் வாசகர் வட்டம். மாதம் ஒரு நாவல். இந்த மாதம், 1930களில் கலிபோர்னியாவின் தோட்டம் தோட்டமாகப் போய்க் காயும் பழமும் பறித்த ஒரு மெக்சிக்கோக் குடும்பத்தின் கதை. நாவலுக்குப் பின்னால் இருக்கிற வரலாற்றை ஒருவர் பத்து நிமிடம் சொல்ல வேண்டும். இந்த முறை தங்கமலர். மூன்று கிழமையாகப் படித்து எழுதிய தாள்கள் பைக்குள் இருந்தன. போகாமல் விடலாமா என்று நினைத்தாள். வீட்டில் இருந்தால் விசர் பிடிக்கும் என்று போனாள்.

அவளையும் சேர்த்து ஏழு பெண்கள். கோப்பியும் கேக்கும். பியட்ட என்ற ஓய்வுபெற்ற ரீச்சர்தான் தலைமை.

"தொடங்கு, மலர்."

"1929 இல் பங்குச்சந்தை விழுந்தது" என்று தங்கமலர் தொடங்கினாள். "வேலை இல்லை. வேலை இல்லாதவுடன், யாரை அனுப்பலாம் என்ற கதை வந்தது. அதுவரை பறிப்பதற்கு வா வா என்று கூப்பிட்டவர்களையே போ என்றார்கள். 1931 இல் லொஸ் ஏஞ்சலஸில் ஒரு சதுக்கத்தைச் சுற்றிவளைத்து, நானூறு பேரளவில் மறித்துவைத்துப் பேப்பர் கேட்டார்கள். அந்தச் செய்தி பரவினதே போதும். பயத்தில் ஆட்கள் தாங்களாகவே மூட்டை கட்டினார்கள்."

"எத்தனை பேர் போனார்கள்?"

"கணக்குச் சரியாக இல்லை. நாலு இலட்சம் என்பவர்களும் இருக்கிறார்கள், பத்து இலட்சத்துக்கு மேல் என்பவர்களும் இருக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்."

"அந்த நாட்டுப் பிரஜைகளையா?" என்று ஒருத்தி கேக்கை வைத்தாள்.

"ஓம். ரயில் ரிக்கற்றை உள்ளூராட்சியே எடுத்துக் கொடுத்தது. நிவாரணத்தில் வைத்துச் சோறு போடுவதைவிட ரிக்கற் மலிவு. 1933 இல் பருத்தி பறித்தவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, குடியிருந்த கொட்டில்களில் இருந்து சாமான்களைத் தூக்கி வீதியில் எறிந்தார்கள்."

கடைசியில் இருந்த மெலிந்த பெண்மணி கையை உயர்த்தினாள். "ஒரு சந்தேகம். தாங்களாகவே போனார்கள், ரிக்கற்றும் கிடைத்தது என்கிறாய். பலர் சம்மதித்துத்தானே ரயில் ஏறினார்கள். பிறகு ஏன் அதைத் துரத்தியது என்று சொல்கிறார்கள்?"

"ஏனென்றால்…" என்றாள் தங்கமலர். "வீட்டுக்கு அதிகாரிகள் வருவார்கள். உங்களுக்கு அங்கே போனால்தான் நல்லது, சொந்த ஊர், சொந்த மொழி என்பார்கள். மாட்டேன் என்றால் நிவாரணம் நிற்கும் என்பார்கள்."

"அதிகாரி சொல்வது அந்த மனிதருக்கு எப்படி விளங்கும்? இங்கிலிஷ் தெரியாதவர்கள் இருந்திருப்பார்களே."

"அவர்களுடைய மொழியிலேயே சொல்ல ஆள் இருந்தது. மெக்சிக்கோத் தூதரகத்து ஆட்கள் இருந்தார்கள். தோட்டக்காரனுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஒப்பந்தக்காரர் இருந்தார்கள், அதே ஊர், அதே மொழி. இவர்கள் சொல்வதை அங்கே சொல்வதும் அவர்கள்தான், அங்கே சொல்வதை இங்கே…"

அவள் நின்றுவிட்டாள்.

"இங்கே?" என்றாள் பியட்ட.

தங்கமலர் தாளைப் பார்த்தாள். அடுத்த வரி அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது. வாசிக்க முடியவில்லை. தாள்களை மேசையில் வைத்தாள்.

"மன்னிக்க வேண்டும். எனக்கு ஒரு போன் எடுக்க வேண்டும்."

வாசலில் சைக்கிள்களுக்கு நடுவில் நின்று ஹென்றிக்குக்கு எடுத்தாள். பதிவுக்குரல்தான் வந்தது. "நான் தங்கமலர், ஸ்ட்ரோபெரித் தோட்டத்து மொழிபெயர்ப்பு" என்றாள். "அன்றைக்கு நான் பிழையாகச் சொன்னேன். நாளை பத்து மணிக்கு இரண்டு பேரை அனுப்பப்போகிறார்கள். தயவுசெய்து எடுங்கள்."

வீட்டில் கணவர் தவராஜா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அறுபத்திரண்டு வயது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நின்றபடியே அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்தியை வைத்தார்.

"தொழிற்சங்கத்துக்குச் சொன்னால் தம்பிக்கு வழக்கு வரும். தெரியுமோ உமக்கு?"

"தெரியும்."

"கலியாணத்துக்கு வரமாட்டான்."

"அதுவும் தெரியும். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"நான் என்னத்தைச் சொல்லுறது? நான் சொன்னாலும் நீர் அதை வேற மாதிரித்தானே ஆக்களுக்குச் சொல்லுவீர்."

அவள் முகம் போன போக்கைப் பார்த்து, "பகிடி, பகிடி" என்றார். பிறகு கையைக் கழுவினார். "காலமை நான் கொண்டுபோய் விடுறன். இருந்து சாப்பிடும் முதலில."

காலையில், எட்டு மணிக்கு ஹென்றிக் எடுத்தார்.

"எந்தச் சொல்லைப் பிழையாகச் சொன்னீர்கள்?"

"எல்லாச் சொல்லையும்" என்றாள்.

"வருகிறேன்" என்றார்.

தோட்டத்துக்குப் போனபோது வெள்ளை வான் கொட்டகை வாசலில் நின்றது. சாரதி கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். கத்தரீனாவின் காலடியில் இரண்டு பயணப்பைகள். ஸ்ரனிஸ்லாஸின் கையில் அந்தத் தாள், பேனை. கிருஷாந்த் எதிரில் நின்றான். கொஞ்சம் தள்ளி வரிசைகளுக்கு நடுவில் மற்றவர்கள் வைக்கோலில் முழங்கால் ஊன்றிப் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் நிமிரவில்லை. ஆனால் ஒரு கையும் வேகமாக ஓடவில்லை.

"வைச்சிட்டீங்களோ?" என்று தங்கமலர் காரில் இருந்து இறங்கும்போதே கத்தினாள்.

"இல்லையக்கா. உங்களைத்தான் பாத்துக்கொண்டு…"

"அக்கா, இதுக்குள்ள நீங்கள் வராதேங்கோ" என்றான் கிருஷாந்த். "அத்தான், கூட்டிக்கொண்டு போங்கோ."

"பத்தாகேல்லைத்தானே. நிக்கட்டும்" என்றார் தவராஜா, காரில் சாய்ந்தபடி.

ஸ்ரனிஸ்லாஸ் அவளையும் கிருஷாந்தையும் மாறி மாறிப் பார்த்தான். "அத்தானோ?"

அதற்குப் பதில் வருவதற்குள் ஹென்றிக்கின் கார் வந்துவிட்டது. அவர் நேராக ஸ்ரனிஸ்லாஸிடம் போய், தாளைக் காட்டி, தங்கமலரிடம் கேட்டார்: "இவருக்குப் போக விருப்பமா, கேளுங்கள்."

தங்கமலர் அசையவில்லை. "ஹென்றிக், முதலில் ஒன்று சொல்ல வேண்டும். கிருஷாந்த் என்னுடைய தம்பி."

"யார்? இவரா?"

"ஓம். சொந்தத் தம்பி."

ஹென்றிக் தாடையைத் தடவினார். கோபமா, களைப்பா என்று தெரியவில்லை. "அப்படியென்றால் நீங்கள் இங்கே மொழிபெயர்க்க முடியாது. அன்றைக்கும் மொழிபெயர்த்திருக்கக் கூடாது." போனை எடுத்து யாருக்கோ எண்களைத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் ஓர் ஆண்குரல் வந்தது.

"வணக்கம், நான் சுப்புராஜ், இன்டர்பிரெட்டர் பேசறேன். யாரு பேசப்போறீங்க?"

"ஏனக்கா, நீங்கள் கதைக்கேல்லையோ?" என்று கேட்டாள் கத்தரீனா.

டேனிஷில் ஹென்றிக்குக்குச் சொல்வது சுகமாக இருந்தது. இவர்களுக்குத் தமிழில் சொல்வதுதான் கடினம்.

"அண்டைக்கு நீங்கள் சொன்னதை நான் அவருக்குச் சொல்லேல்லை" என்றாள் தங்கமலர்.

"என்னெண்டு? நீங்கள் கதைச்சனீங்கள்தானே. நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"கதைச்சனான். பறிச்சு வைச்சிருக்கினம் எண்டதை, பத்திரமா இருக்கு எண்டு சொன்னனான். மற்றதும் அப்பிடித்தான்."

ஸ்ரனிஸ்லாஸுக்கு விளங்கச் சில நொடிகள் எடுத்தன. "அப்ப நான் கதைச்சது?"

"ஒண்டும் அவருக்குப் போகேல்லை."

"பத்து நாள்" என்றாள் கத்தரீனா. அவள் சத்தம் போடவில்லை. "வாசலில ஒவ்வொரு காராப் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள். அந்த மனிசன் வருவார், வருவார் எண்டு இவர் சொல்லிச் சொல்லி…" மிச்சத்தைச் சொல்லாமல் பையை எடுத்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், தங்கமலர் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்பதுபோல.

"ஹலோ, மேடம்?" என்றது போன். "ஒரே நேரத்துல எல்லாரும் பேசாதீங்க. சார் யாரு, அவரு பேசட்டும். நீங்க சொல்றத ஒரு வார்த்தை விடாம நான் சொல்றேன்."

ஸ்ரனிஸ்லாஸ் போனுக்குக் கிட்டப் போனான். முதலில் மெல்லத்தான் சொன்னான், பிறகு நிறுத்த முடியாமல் சொன்னான். பாஸ்போட், கரவன், காய்ச்சல், வெருட்டல், இந்தத் தாள். ஒவ்வொன்றும் சுப்புராஜின் வாயில் டேனிஷாக வந்தது, கழுவாமல், துடைக்காமல். "பறித்து வைத்திருக்கிறார்கள்" என்ற சொல் வந்ததும் ஹென்றிக் எழுதுவதை நிறுத்திக் கிருஷாந்தைப் பார்த்தார்.

"கடவுச்சீட்டுகள் எங்கே?"

"காரில். பாதுகாப்புக்காக…"

"இப்போது எடுத்துவந்தால் நான் பொலிசைக் கூப்பிடுகிற நேரத்தில் நீங்களாகவே கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லலாம்."

கிருஷாந்த் நடந்து போய் ஒரு பிளாஸ்ரிக் உறையைக் கொண்டுவந்தான். ஒன்பது கடவுச்சீட்டுகளும் அதற்குள் ரப்பர் நாடாவால் கட்டியபடி இருந்தன. வரிசைக்குள் முழங்காலில் நின்றவர்கள் இப்போது ஒவ்வொருவராக எழும்பினார்கள். வான் சாரதி மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, என்ன செய்யட்டும் என்று கையால் கேட்டான். ஹென்றிக் போ என்று காட்டினார். வான் வெறுமையாகப் போனது.

"இது முடிவில்லை" என்றார் ஹென்றிக். சுப்புராஜ் அதையும் தமிழாக்கினார். "பழைய அறிக்கையில் ஒரு முறைப்பாடும் இல்லை என்று இருக்கிறது. முதலாளியின் வக்கீல் அதைத்தான் தூக்கிப் பிடிப்பார். அது எப்படிப் பிழையானது என்று யாராவது சாட்சி சொன்னால்தான் இவர்களை இங்கே வைத்திருந்து வழக்கை நடத்தலாம்."

எல்லோரும் தங்கமலரைப் பார்த்தார்கள். கிருஷாந்தும்தான்.

"அக்கா" என்றான் அவன். ஒரு சொல்தான்.

அவனுக்கு ஆறு வயதில் அம்மை வந்தபோது வேப்பிலையால் தடவிக்கொடுத்தது அவள்தான். அதை இப்போது நினைத்துப் பிரயோசனமில்லை.

"நான் சொல்லுறன்" என்றாள்.

"டேனிஷில் சொல்லுங்கள், நேராக எழுதிக்கொள்கிறேன்" என்றார் ஹென்றிக்.

"இல்லை. தமிழில் சொல்கிறேன். அவர் மொழிபெயர்க்கட்டும்." ஸ்ரனிஸ்லாஸும் கத்தரீனாவும் நின்ற பக்கம் பார்த்தாள். "இவர்களுக்கும் கேட்க வேண்டும்."

கத்தரீனா முகத்தைத் திருப்பவில்லை. கிட்ட வரவுமில்லை. கவிழ்த்துப்போட்ட பெட்டியில் ஸ்ரனிஸ்லாஸ் இருந்தான். கிருஷாந்த் தன் காரை நோக்கி நடந்தான். பாதி வழியில் நின்று திரும்பாமலே கேட்டுக்கொண்டு நின்றான்.

"சொல்லுங்க மேடம். பேரு, அப்புறம் இந்த விஷயத்துல நீங்க யாரு?" என்றது போன்.

"என்ர பேர் தங்கமலர்" என்றாள். "பாஸ்போட்டுகளைப் பறிச்சு வைச்சிருந்த கிருஷாந்த் என்ர தம்பி. அதுக்காகத்தான் நான் மாத்திச் சொன்னனான்."

சுப்புராஜ் எழுதும் சத்தம் போனில் கேட்டது.

"அப்படியே சொல்லட்டுமா மேடம்?"

"அப்பிடியே சொல்லுங்கோ."